மூணு சுழி

"அடைமொழி என்னம்மா போடலாம்?" என்கிறார்
லாங்கு பஜார் அச்சுக்கடைக்காரர்.
பண்பாளர், பாசத் திலகம், சமூக சேவகர்,
எல்லாம் கம்ப்யூட்டரில் தயாராக இருக்கிறதாம்,
சொன்னால் ஒட்டிவிடுவாராம்.

ஒன்றும் வேண்டாம் என்றேன்.

படம்கூட மின்வாரிய அடையாள அட்டையிலிருந்து உரித்ததுதான்,
பாதி நெற்றியில் ஆபீஸ் முத்திரை.
என் கல்யாண ஆல்பத்தில் தேடிப் பார்த்தேன்.
நூற்றெண்பது படங்களில் ஒன்றில் இருக்கிறார்,
அதிலும் முதுகு,
பந்தியில் யாருக்கோ தண்ணீர் ஊற்றியபடி.
அன்றைக்கு ராத்திரி ரிசப்ஷன்.
பொழுது சாய்ந்தால் வாய் நனைப்பதில்லை என்று
திருமலையில் அருகன் முன்னால் எடுத்த விரதம்.
பெற்ற பெண்ணின் கல்யாணத்துக்கும்
அதற்கு லீவு கிடையாது.

கொசப்பேட்டையில் ஒரு வீட்டு அட்டையில்
மூன்றை எட்டாக எழுதிவிட்டாராம் ஒருமுறை.
அந்தம்மா பணமும் கட்டிவிட்டாள்.
வித்தியாசம் நாற்பத்தேழு ரூபாய்.
ராத்திரியெல்லாம் புரண்டுவிட்டு விடிந்ததும்
அவள் வாசலில் போய் நின்றிருக்கிறார்.
அந்த மாதம் எனக்கு வரவேண்டிய ஜியாமெட்ரி பாக்ஸ்
அடுத்த மாதம் வந்தது.
நான் இரண்டு நாள் அவரோடு பேசாமல் இருந்தேன்.
காரணத்தை அம்மா சொன்னது
நேற்றுத்தான்.

குழாயில் காவிரி வந்த நாளில்
சத்துவாச்சாரியே குடமும் கையுமாகக் கூத்தாடியது.
அப்பா வடிகட்டித் துணியைப் பிடித்துக்கொண்டு விழித்தார்.
கிணற்று நீராக இருந்தவரை
துணியை அலசிக் கிணற்றிலேயே விட்டுவிடுவார்,
கண்ணுக்குத் தெரியாததுகள் வீடு போய்ச் சேரட்டும் என்று.
"இதுங்க ஊரு மேட்டூராச்சே.
எங்க கொண்டுபோய் விடறது?"
நாங்கள் சிரித்தோம். அவரும் சிரித்தார்.
சிரித்து முடித்துவிட்டு, சொம்பை மூடி, சைக்கிளை எடுத்தார்.
பாலாறு மணலாய்க் கிடந்ததால்
கோட்டை அகழி வரைக்கும்.

நான் பெங்களூரில் வெங்காயம் தின்னக் கற்றுக்கொண்டேன்.
பத்து மணிக்குச் சாப்பிடவும்.
அவருக்குத் தெரியும், எனக்கும் அது தெரியும்.
காட்பாடியில் கடைசி ரயிலில் இறங்கினால்
டிபன் பாக்ஸோடு நிற்பார்.
"அஞ்சு மணிக்கே ஆக்கினதுதான். சாப்பிடு."
பிளாட்பார பெஞ்சில் நான் சாப்பிட்டு முடிக்கும்வரை
விளக்கைச் சுற்றும் பூச்சிகள் சோற்றில் விழாதபடி
துண்டால் மெல்ல விசிறிக்கொண்டிருப்பார்.
பூச்சிக்காகவா, எனக்காகவா?
கேட்டிருக்கலாம்.

போன செவ்வாய் ஐந்து மணிக்குச் சாப்பிட்டார்.
தட்டைக் கழுவிக் கவிழ்த்தார்.
கொஞ்சம் படுக்கிறேன் என்றார்.

"பாத்துக்கோங்கம்மா" என்று
அச்சுக்கடைக்காரர் தாளை நீட்டுகிறார்.
தேதி சரி, விலாசம் சரி,
பெயரில் ரெண்டு சுழி ன.

ரேஷன் கார்டிலும் இதேதான்,
கேஸ் புத்தகத்தில், பென்ஷன் ஆர்டரில், எங்கும்.
அவர் பெயரில் ஒரு சுழியை
ஊரே சேர்ந்து எங்கோ தொலைத்திருந்தது.
திருத்தச் சொல்லுங்களேன் என்று அம்மா கத்துவாள்.
"பின்னாடி ஆளுங்க நிக்கறாங்கம்மா" என்று
கையெழுத்துப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்.

பேனாவைத் திறந்தேன்.
பழக்கதோஷம், திரும்பிப் பார்த்தேன்.
மத்தியான வெயில், ஒரு சைக்கிள், மூடிய ஷட்டர்.
பின்னாடி யாரும் இல்லை, அப்பா.

தரணேந்திரன்.
அந்த ஒரு சுழியைப் போட்டேன்.