கடனின் நோக்கம்: கறவை மாடு

வலங்கைமான் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே
ஜெராக்ஸ் கடை வாசலில் என் தட்டச்சுப் பொறி.
அதில் ழ விழாது.
வழக்கு, கீழ்க்கண்ட, சான்றிதழ்
எல்லாவற்றிலும் ஓர் எழுத்துக்கு இடம் விட்டு
பிறகு நீலப் பேனாவால் நிரப்புவேன்.
பதினோரு வருஷமாய்
தாலுகா முழுக்க அலையும் மனுக்களில்
ழ மட்டும் என் கையெழுத்து.

முப்பத்திரண்டு வயதில் சட்டம் படிக்கப் போகிறேன் என்றதும்
பத்திரம் எழுதும் கோதண்டபாணி சார்
"ஃபீஸ் எவ்வளவு?" என்றார்.
ஃபீஸ் பெரிய தொகை இல்லை சார், அரசுக் கல்லூரி.
திருச்சிக்கு சீசன் டிக்கெட், புத்தகம்,
வெள்ளைப் புடவை நாலு.
அப்புறம்
மூன்று வருஷம் நான் அடிக்காமல் விடப்போகும் பக்கங்கள்,
பக்கத்துக்கு முப்பது ரூபாய்.
அந்தக் கணக்கு எந்தக் கட்டண அட்டவணையிலும் இல்லை.

வங்கி மேலாளர் வடக்கத்திப் பையன்,
பொறுக்கிப் பொறுக்கித் தமிழ் பேசினார்.
அப்பா?
இல்லை.
கணவர்?
இருக்கிறார், கையெழுத்துக்கு இல்லை.
நிலம்?
ஒன்றரை ஏக்கர், அம்மா பேரில் குத்தகை.
சேறு எங்களுடையது, பட்டா சாமியுடையது.
சாமியை ஜாமீன் போடச் சொல்லவா என்று
நாக்கு நுனிவரை வந்தது.
தண்ணீர் குடித்துவிட்டு எழுந்துகொண்டேன்.

முதல் பட்டதாரிச் சலுகை வீட்டுக்கு ஒருமுறைதான்.
அண்ணன் அதை வாங்கி இன்ஜினியரிங் முடித்து
திருப்பூரில் பனியன் பெட்டி எண்ணுகிறான்.
உதவித்தொகை உண்டு, வரும்;
எனக்கு முந்தைய செட் பெண் ஒருத்திக்கு
கோட்டு மாட்டி இரண்டாவது வாய்தா கேட்கும்போது
வந்து சேர்ந்ததாம்.
நகை?
சம்பா உரத்துக்குப் போன சங்கிலியின் ரசீது
அரிசி டின்னில் பத்திரமாக இருக்கிறது.

மிச்சம் இருந்தது எங்கள் மகளிர் குழு.
பன்னிரண்டு பேர், செவ்வாய்க்கிழமை, ஜெயக்கொடி வீட்டுக் கொல்லை.
படிவத்தில் நோக்கம் என்று ஒரு கட்டம்:
தையல் மிஷின், பெட்டிக்கடை, கறவை மாடு.
சட்டம் இல்லை.
"மாடுன்னு போடு" என்றாள் ஜெயக்கொடி.
"அதுவும் மூணு வருஷம் கழிச்சுத்தானே கறக்கப்போவுது."

உறுதிமொழியை நானே அடித்தேன்.
'இதன் கீழ்க் கையொப்பமிடும் நான்
மேற்படி தொகையைக் கறவை மாடு வாங்க மட்டுமே...'
கீழ் என்ற இடத்தில் பேனா ஒரு நிமிஷம் நின்றது.
பிறகு ழ போட்டேன்.

போட்டோ எடுக்க ஆள் வந்த அன்று
செல்வராணியின் சிவலைப் பசுவை ஓட்டிவந்தோம்.
காதில் மஞ்சள் வில்லை, எண் தெளிவாக விழ வேண்டுமாம்.
நான் கயிற்றைப் பிடித்து நின்றேன்.
அது என் சட்டக் கல்லூரி விண்ணப்பம் இருந்த பையை
ஒருதரம் நக்கியது.

இப்போது பாபநாசத்தில் ஏழேகால் ரயில்.
வாரம் அறுநூற்று நாற்பது ரூபாய் தவணைக்காக
ஞாயிறு முழுக்கவும் அடிக்கிறேன்,
விரல் வீங்கினால் மோர்ச்சட்டிக்குள் விட்டுக்கொள்கிறேன்.
மேட்டூர் திறந்து
குடமுருட்டியில் தண்ணீர் வந்த செவ்வாய்க்கிழமை,
தவணை நோட்டில் டிக் போட்டபடி ஜெயக்கொடி கேட்டாள்:
"மாடு என்ன சொல்லுது?"
இன்னிக்கு ஒப்பந்தச் சட்டம் என்றேன்.
ஒருத்தர் தெரிந்தே பொய் சொல்லிப்
பணம் வாங்கினால்
அந்த ஒப்பந்தம் என்ன ஆகும் என்று பாடம்.
"என்ன ஆவும்?"

சொன்னேன்.
பன்னிரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.
யாரோ வெற்றிலைச் சுருளைப் பிரித்தார்கள்.
செல்வராணிதான் கடைசியில் தொண்டையைச் செருமினாள்:
"எம் மாட்டையும் சாட்சிக்குக் கூப்புடுவாங்களா?"