பதினெட்டாவது கண்ணி

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்:
நான் அவருக்கு வாக்குப் போடவில்லை.
எங்கள் தெருவில் அநேகமாக யாரும் போடவில்லை.
நாற்பத்தொன்பதில் எரிந்த கடைகளை
இன்னும் எண்ணிக்கொண்டிருந்த தெரு அது.
வாக்குச்சீட்டில் பயத்துக்கும் ஒரு கட்டம் இருந்தது.
குறியிட்டேன்.

அடுத்த திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு
நகராட்சியின் பழைய மெர்சிடிஸைத் துடைத்து
அவர் வாசலில் நிறுத்தியவனும் நான்தான்.
தோலகெலே ம்தியானே.
வெல்பரோவின் முதல் கறுப்பு மேயர்.
பின்கதவைத் திறந்து நின்றேன்.
அவர் முன்கதவைத் திறந்துகொண்டு
என் பக்கத்தில் உட்கார்ந்தார்.
"பின்னால் உட்கார்ந்தால் எனக்குக் குமட்டும், கதிரேசன்."
அவ்வளவுதான் காரணம். வேறு அர்த்தம் தேட வேண்டாம்,
நான் தேடி அலுத்துவிட்டேன்.

நகர மண்டபத்துத் தாழ்வாரத்தில்
பதினேழு பேர் சட்டங்களுக்குள் முறைத்தார்கள்.
சர்க்கரை ஆலைக்காரர்கள் ஆறு பேர்,
ஒரு பல் வைத்தியர்,
ரயில்வேயிலிருந்து வந்த ஒரு மீசை
(நூலகப் படியிலிருந்து என் அப்பாவை
இறக்கிவிட்டது அந்த மீசையின் காலத்தில்).
மேயர் சங்கிலியில் பதினேழு பொற்கண்ணிகள்,
கண்ணிக்கு ஒரு பெயர்.
பதினெட்டாவதுக்கு இடமே விடாமல் செய்திருந்தார்கள்.
நகைக்கடைக்காரர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு,
"சேர்க்கலாம் அம்மா, வயிற்றில் இடிக்கும்" என்றார்.
"என் வயிறு எதையெல்லாமோ தாங்கியிருக்கிறது" என்றார் அவர்.

அன்று திரும்பும்போது, கரும்பு லாரிக்குப் பின்னால்
ஊர்ந்துகொண்டிருந்த நேரத்தில் சொன்னார்:
அவர் அம்மா அந்தப் பல் வைத்தியர் வீட்டு வேலைக்காரி.
பின்னறையில் ஒரு தகரப் பெட்டி.
அடியில் விரித்த பழைய செய்தித்தாளில்
ஒன்பது வயதில் பார்த்த படம்.
அமெரிக்காவில் ஏதோ ஏரிக்கரை நகரம்,
கோட்டு, கழுத்துப்பட்டி, உயர்த்திய வலக்கை.
கறுப்புக் கை.
கீழே 'மேயர்' என்று போட்டிருந்தது.
"அச்சுப்பிழை என்று நினைத்தேன்."

பிறகு ஒவ்வொருவராகப் பொறுக்கியிருக்கிறார்.
கார் செய்யும் ஊர், பருத்தி விளைந்த ஊர்,
உருக்காலை அணைந்துபோன ஊர்.
வேதாகமத்தின் பின்னட்டையில் பென்சிலால் பெயர்கள்.
ஜெபிக்க அல்ல, கணக்கு வைக்க.

"கவனித்தாயா?
ஆலைகள் மூடி, வரி கட்டுகிறவர்கள்
வேலி தாண்டிக் குடிபோன பிறகுதான்
அவர்களில் பலருக்குச் சாவி கிடைத்தது.
கூரை ஒழுகும்போதுதான் சாவிக்கொத்தை நீட்டுகிறார்கள்.
வாங்காமல் இருக்க முடியுமா?
வாங்கிய மறுநாள்,
ஒழுகுவது உன்னால்தான் என்பார்கள்."

எங்கள் கஜானாவைத் திறந்தபோது
கடன் இருந்தது. கூடவே ஓர் ஒப்பந்தம்:
ஓய்வு பெற்றவர்கள் பந்து உருட்டும் புல்தரைக்கு
இருபது ஆண்டுக்குத் தண்ணீர்.
பெயரிலேயே தண்ணீர் வைத்திருக்கும் க்வாமான்ஸியில்
நாலாயிரம் பேருக்கு மூன்று குழாய்.

ஆகஸ்டில் நாலாவது குழாயைத் திறந்தோம்.
முதலில் காற்று வந்தது, இருமியது,
பிறகு துருநிறத்தில் ஏதோ வந்தது.
கூட்டம் கை தட்டவில்லை.
பின்னாலிருந்து யாரோ ஒரு பெண்
காலி வாளியைக் காலால் உதைத்தாள்.
மேயர் ரப்பர் காலணியோடு சேற்றில் நின்று
தண்ணீர் தெளிகிறவரை குழாயையே பார்த்தார்.
நாற்பது நிமிடம். நான் கடிகாரம் பார்த்தேன்.

எங்கள் தெருவில் அன்றிரவு சிரித்தார்கள்,
"பார்த்தாயா, இவர்கள் ஆட்சி."
நானும் கொஞ்சம் சிரித்தேன்.
தொண்டையில் துரு.

சங்கிலியை அவர் அதிகம் அணிவதில்லை.
காரின் முன்பெட்டியில் கிடக்கிறது.
பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போதெல்லாம்
பதினேழு கனவான்களும் பல் கிட்டித்துக்கொள்கிறார்கள்.
புதுக் கண்ணி இன்னும் கோக்கப்படவில்லை,
காகிதத்தில் மடித்து
சாம்பல் கிண்ணத்தில் வைத்திருக்கிறேன்.

ஒருநாள் சொன்னேன்:
எங்கள் மொழியில் கண்ணி என்றால்
மிருகத்தைப் பிடிக்கிற சுருக்குக்கும் அதே பெயர்.

சாலையைப் பார்த்தபடியே இருந்தார்.
"தெரிந்துதான் கழுத்தை நீட்டினேன்.
இடப்பக்கம் திரும்பு,
அந்தக் குழாயைப் பார்த்துவிட்டுப் போகலாம்."