பராமரிப்பவர்: ஒருவர்

நவம்பர் பதினான்கு. சம்பா காப்பீட்டுக்கு
நாளை கடைசி நாள்.
கூத்தாநல்லூர் இ-சேவை மைய வாசலில்
குடையும் அடங்கலுமாக எழுபது பேர்.
அச்சாகி வந்த ரசீதில் கொரடாச்சேரி
கெரடாச்சேரியாகி,
கழன்ற துணைக்கால் ஓரமாய்க் கிடக்கிறது,
வேர் பிடிக்காத ஒற்றை நாற்றைப் போல.

பெயர் பொருந்தவில்லை என்கிறது தளம்.
பொருந்தாது. அதற்கு நான்தான் காரணம்.
கொம்பையும் காலையும் எழுத்தோடு சேர்த்துக் கட்டும்
நானூற்றுப் பன்னிரண்டு வரிகள்,
எட்டு வருடத்துக்கு முன் நோன்பு மாதத்தில்
சஹருக்கு விழித்திருந்த இரவுகளில் எழுதினேன்.
யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்தேன்.
எடுத்துக்கொண்டார்கள்:
இரண்டு வங்கி, ஒரு காப்பீட்டுக் கம்பெனி,
பேர் சொல்லாத இன்னும் எத்தனையோ.
பராமரிப்பவர் என்ற கட்டத்தில் மட்டும்
சபூரா. அதற்குப் பிறகு ஒரு காற்புள்ளிகூட இல்லை.

காலையிலிருந்து கம்பெனியின் மூன்று கடிதம்.
அவசரம் என்றது முதலாவது.
மிக அவசரம், இரண்டாவது.
மூன்றாவதில் என் மேலாளரின் எண் கேட்டார்கள்.

போன மார்ச்சில் நான் கேட்டது
மாதம் ஆறாயிரம்.
வந்தது விற்பனையாளர் பதிவுப் படிவம், பதினாலு பக்கம்.
ஒன்பதாம் பக்கத்தில்:
பணியாளர் ஐம்பதுக்குக் குறையாமல்.
நானும் அத்தாவின் பழைய இன்வெர்ட்டரும் சேர்ந்தாலே
இரண்டுதான்.
கூடவே, பனியன் அளவு கேட்டு ஒரு நன்றி மடல்.

வெண்ணாற்றில் ஷட்டர் ஏற்றி இறக்கும் லஸ்கருக்கு
ஒன்றாம் தேதி சம்பளம்.
ஆறு பொதுதான்; அதற்காக
அவரை யாரும் ஆர்வலர் என்று சொல்வதில்லை.

கரண்ட் போய்ப் போய் வந்தது.
வரிசையை நிறுத்திவைத்து
முந்நூற்று ஏழாவது வரியில் உட்கார்ந்தேன்.
ஆறே முக்காலுக்குக் கொரடாச்சேரி நிமிர்ந்தது.
புதுப் பதிப்பைக் கம்பெனி உடனே இழுத்துக்கொண்டது.
அதற்கு மட்டும் படிவம் கிடையாது.

சோமாஸ்கந்தன் ரசீதைக் குழல்விளக்குக்கு நேரே பிடித்து
தன் பேரை வாய்விட்டுப் படித்தார்.
அச்சுக்கூலி இருபது. முப்பது கொடுத்தார்.
"சில்லறை இல்லைங்க."
"இருக்கட்டும்மா. ரிப்பேரு பாத்தியே, டீ குடி."

இரவு, வரவு என்ற கோப்பைத் திறந்தேன்.
எட்டு வருடமாகத் தலைப்பு மட்டும் இருக்கும் கோப்பு.
ரூபாய் பத்து. கொடுத்தவர்: சோமாஸ்கந்தன்.
ஓகாரம் உடையாமல் ஏறியது.

பிறகு கம்பெனிக்குப் பதில்:
சரியாகிவிட்டது. அடுத்த தடவை ஆகாது.
இரண்டு அர்த்தத்திலும் படித்துப் பார்த்துவிட்டு
அனுப்பினேன்.