நாலு யூனிட்

உபவாசத்தின் மூன்றாம் இரவு அது.
தண்ணீர் மட்டும். சில சமயம் அதுவும் இல்லை.
ஹவ்காங்கில் வாடகைக்கு எடுத்த மண்டபத்தில்
ஞாயிறன்று கை உயர்த்தி நேர்ந்துகொண்டது:
பதினாலாம் கட்டில் மேடம் லிம்
கண் மூடுமுன் உம்மை அறிய வேண்டும் ஆண்டவரே,
அதுவரை என் வாயில் சோறு இல்லை.

எல்லாரும் ஆமென் என்றார்கள்.
பாஸ்டரின் மனைவி மட்டும்
"இந்த வாரம் உனக்கு நைட் ஷிப்டா?" என்று கேட்டார்.
அதை அவிசுவாசம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆறாவது மாடி வார்டு.
கீழே விரைவுச்சாலை மழையில் மினுங்கிக்கொண்டிருந்தது.
எனக்கு ஹொக்கியனில் நாலே நாலு பேச்சு தெரியும்:
வலிக்கிறதா, தண்ணீர், கொஞ்சம் பொறுங்கள்,
சாப்பிட்டாச்சா.
இதை வைத்துக்கொண்டு
இரட்சிப்பைச் சொல்லிவிட நினைத்தேன்.
கடைசிப் பேச்சை மேடம் லிம்தான்
ஒவ்வொரு இரவும் என்னிடம் கேட்பார்.
"ஜியா பா புவே?"
ஆச்சு ஆச்சு என்று தலையாட்டுவேன்,
ஆவியில் நிறைந்தவளாக.

மூன்று மணிக்கு விரலில் குத்திப் பார்த்தேன்.
சர்க்கரை பதினெட்டு. மருந்துச்சீட்டில் நாலு யூனிட் இன்சுலின்.
ஊசியை விளக்குக்கு நேரே பிடித்தேன்,
கோடுகள் எறும்புகளாய் ஊர்ந்தன.
உதட்டுக்குள் ஜெபம் ஓடிக்கொண்டேயிருந்தது
அனலாக, நிற்காமல்.
என் கை அதற்குக் கீழே
எங்கோ தனியாக இருந்தது.

இன்சுலினை இரண்டு பேர் பார்க்க வேண்டும். விதி.
ரொஹாயா வந்தாள். அவளுக்கும் நோன்பு மாதம்.
ஊசியைப் பார்த்தாள். பிறகு என்னை.
"லின், இது நாலு இல்லை.
நாற்பது."

குரல் உயரவில்லை.
தூங்கிப்போன பிள்ளையின் கையிலிருந்து
கத்தரிக்கோலை உருவுவதுபோல்
ஊசியை எடுத்து மஞ்சள் பெட்டியில் போட்டாள்.
புதிதாக ஒன்று. நாலு.
இருவரும் கையெழுத்திட்டோம்.

அவர் ஆத்துமாவுக்காகப் பட்டினி கிடந்தவள்
அவரை நான் இன்னும் ஒரு நிமிடத்தில்

இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன்.

நாலரைக்குப் பின்கட்டு அறையில் ரொஹாயா
சோறும் முட்டையும் பிரித்து வைத்தாள்.
"சாப்பிடாமல் டியூட்டிக்கு வந்தால்
என் அம்மா செருப்பைத் தூக்குவாள்" என்றாள்.
நான் சிரிக்கவில்லை. அழவும் தெம்பில்லை.
மூன்று பேரீச்சம்பழத்தை என் பக்கம் தள்ளினாள்,
எதற்கு உபவாசம் என்று கேட்காமல்.
தின்றேன்.
நேர்ச்சை உடைந்தது. வானம் உடையவில்லை.
ஐஸ்பெட்டி ஒருதரம் உறுமி நின்றது.
அந்த நெருப்பு பொய் என்று
இப்போதும் சொல்ல மாட்டேன், ஆண்டவரே.
நீர் கொடுத்ததுதான்.
அதற்கு ஓர் அடுப்பு கட்டத் தோன்றாமல்
தலைமயிரில் பற்றவைத்துக்கொண்டு
வார்டு வார்டாய்த் திரிந்தது நான்.

தப்பிய தவறுக்கும் படிவம் உண்டு.
காரணம் என்ற கட்டத்தில்
விரல்களுக்கு முதலில் வந்தது வைராக்கியம்.
கணினி அந்தச் சொல்லின் கீழே சிவப்புக் கோடு போட்டது.
அழித்துவிட்டுப் பசி என்று எழுதினேன்.
இனி நேராதிருக்க என்ன செய்வீர்கள் என்ற கட்டம்
வெகுநேரம் காலியாகவே இருந்தது.
"நைட் வாரத்தில் சாப்பிடுவேன்" என்று நிரப்பினேன்.
அது முழு பதில் இல்லை என்று எனக்கும் தெரியும்.

ஆறு மணி. திரைச்சீலையை விலக்கினேன்.
மேடம் லிம் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.
உயிரோடு, எரிச்சலோடு.
"ஜியா பா புவே?"
ஆச்சு என்றேன்.
மூன்று இரவுகளில்
அவரிடம் நான் சொன்ன முதல் உண்மை.

அவர் என் முகத்தை நம்பாமல் பார்த்தார்.
பிறகு தண்ணீர் கேட்டார்.
கொண்டுவரப் போனேன்.