துண்டுக்கு அடியில்

பொள்ளாச்சிச் சந்தையில் நான் பேசிய விலை
பக்கத்தில் நிற்பவன் காதுக்குப் போனதில்லை.
துண்டைப் போட்டு மூடி
விற்கிறவன் விரலைப் பிடிப்பேன்.
முழு விரல் ஒரு கணக்கு, மடக்கிய விரல் ஒரு கணக்கு.
முகத்தில் ஒன்றும் இருக்காது.
மாடு பாட்டுக்கு அசைபோடும்.

ஆனி மாசம் கோயமுத்தூரில் ரத்தம் கொடுத்தேன்.
கிரியேட்டினின் நாலு புள்ளி ரெண்டு.
காகிதத்தை எட்டாக மடித்து
உக்கடத்தில் பஸ் ஏறினேன்.
கிணத்துக்கடவு வருவதற்குள்
போனிடம் மட்டும் கேட்டேன், நாலு புள்ளி ரெண்டென்றால் என்னவென்று.
பதிலை மறைத்துக்கொண்டு ஒரு பட்டை வந்தது,
குக்கீ என்று ஏதோ,
கீழே நீலத்தில் ‘அனைத்தையும் ஏற்கிறேன்’.
பத்திரத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டவனையெல்லாம்
வாய்க்கு வந்தபடி வைதிருக்கிறேன் நான்.
தொட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை துளசிமணி
சந்தகைக்குப் பால் காய்ச்சும் பக்குவம் பார்க்க
என் போனை எடுத்தாள்.
தேங்காய்ப்பாலுக்கும் ஏலக்காய்க்கும் நடுவில்
டயாலிசிஸ், முதல் ஆலோசனை இலவசம்.
தள்ளினாள். மறுபடியும் வந்தது.
“ஏனுங்க, இது எதுக்கு இங்க வருது?”
“எல்லாருக்கும் வருமாட்ட இருக்குது.”
அவள் தன் போனில் அதே பக்கத்தைத் திறந்தாள்.
அங்கே அடகு நகை மீட்பு, குறைந்த வட்டி.
சட்டென்று அணைத்தாள்.
நான் பார்க்காத மாதிரி
அடுப்பைப் பார்த்தேன்.

செல்போன் கடை ஜாபர் சொன்னான்:
“பக்கம் திறக்கறதுக்குள்ள உங்கள ஏலம் விட்டுருவாங்ண்ணா.
கண்ணச் சிமிட்டற நேரம். செயிச்சவன் விளம்பரம் வரும்.
பேரெல்லாம் தெரியாதுங், நம்பர் மட்டுந்தான்.”

மாட்டுக்கு நாங்கள் பேர் கேட்டோமா?
காதில் தொங்கும் நம்பர் போதும்.
அப்படியானால் பல்லைப் பிடித்துப் பார்த்திருக்கிறார்கள்,
சுழி பார்த்திருக்கிறார்கள்,
முகம் தெரியாத துண்டுக்கு அடியில் யாரோ யார் விரலையோ பிடிக்க
வெளியே நின்று
அசைபோட்டுக்கொண்டிருந்தது நான்.

செவ்வாய்க்கிழமை காப்பீடு எடுக்கச் சொல்லி ஒருத்தி கூப்பிட்டாள்.
“சுகர், கிட்னி எதாச்சும் இருக்குங்களா சார்?”
அதற்கும் இதற்கும் முடிச்சு உண்டா, தெரியாது.
இல்லை என்றேன்.
அதையும் எங்கேயோ குறித்திருப்பார்கள்.

ராத்திரி ரெண்டு போனையும்
அரிசி டிரம்முக்குள் போட்டு மூடினேன்.
தோள் துண்டை எடுத்து
அவள் கைமேல் போட்டேன்.
“இதென்ன கூத்து?”
நாலு விரலைப் பிடித்தேன். விட்டேன்.
ரெண்டு விரலைப் பிடித்தேன்.
மாடு விற்கிறவன் பொண்டாட்டிக்கு
கணக்கு தெரியாமலா இருக்கும்.
தெரு நாய் குரைத்து ஓயும் வரை
ஒன்றும் பேசவில்லை.

பிறகு துண்டுக்கு அடியிலேயே
என் கையைத் திருப்பி
மூன்று விரலை அழுத்திப் பிடித்தாள்.

பவுன்.