சம்பவம் நடந்த நேரம்

விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது.
ஏழாவது கட்டம் காலியாம்:
சம்பவம் நடந்த தேதி, நேரம்.

கை போனவர்களுக்கு இது லேசு.
பெஞ்சில் எனக்கு முன்னால் இருந்த
பல்லடம் நூல் மில்க்காரர்
"பதினொன்னு நாப்பதுங்க, டீ வந்த சமயம்"
என்று சொல்லிவிட்டு
இரண்டு விரல் இல்லாத கையால்
மூக்கைச் சொறிந்துகொண்டார்.

நான் எந்த நேரத்தை எழுத?
பெருந்துறையில், டி.பி. வார்டில்,
பதினோரு வருஷம்.
கோப்பையை நீட்டி
"நல்லா ஆழத்திலிருந்து இருமுங்கண்ணா" என்று
நானே கேட்டு வாங்கிய இருமல்கள்.
ஒரே மாஸ்க்கை வெள்ளிக்கிழமை வரை ஓட்டிய வாரங்கள்.
திறந்தால் ஏசி வீணாகிறதென்று
ஜன்னலில் மேனேஜர் அறைந்த ஆணி.
ஆணியின் தேதியைக் கேட்டால் சொல்வேன்:
ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள்.

ஆஸ்பத்திரி வக்கீல் மரியாதையான மனுஷன்.
"ஏனுங் சிஸ்டர்,
தெனமும் ஈரோடு பஸ்ஸுலதான வந்தீங்க?
அதுல எத்தன பேரு இருமியிருப்பாங்க?"
வாஸ்தவம்.
ஆனால் பஸ்ஸில் நான்
யார் வாயருகிலும் கோப்பையை நீட்டியதில்லை.

"செரிங், எந்த நோயாளிகிட்ட இருந்து வந்துச்சு?
பேர் சொல்லுங்."

தெரியும்.
தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.
சென்னிமலைத் தறிக்காரர் ஒருவர்,
மகளுக்கு நிச்சயம் செய்த வீட்டில்
மஞ்சள் காமாலை என்று சொல்லி வைத்திருந்தார்.
"ஆருக்கும் தெரிய வேண்டாஞ் சிஸ்டர்"
மாத்திரையை விழுங்குமுன் தினமும் அதே வாக்கியம்.
அந்தப் பெண்ணுக்கு இப்போது இரண்டு குழந்தைகள்.
பேர் நாக்கு நுனிவரை வந்தது.
சொன்னால் தொகை கூடுமா என்று
ஒரு நொடி கணக்கும் போட்டேன்,
பொய் சொல்வானேன்.

அதற்காகத் தியாகம் கியாகம் என்று
யாரும் ஆரம்பிக்க வேண்டாம்.
நர்ஸ்கள் தினத்தில் கொடுத்த கண்ணாடிக் கேடயம்
வீட்டில் இருக்கிறது.
அடகுக்கடையில் அதை வைத்து
ஒரு எக்ஸ்ரே காசு புரட்ட முடியவில்லை.
நான் கேட்பது
இடது நுரையீரலின் மேல்பாதிக்கு உண்டான கூலி.

கோயமுத்தூர் ஆபீஸ் இரண்டாவது மாடி.
லிஃப்ட் ரிப்பேர்.
போன வாய்தாவுக்கு
படித் திருப்பம் ஒவ்வொன்றிலும் நின்று
மேலே சேர்ந்தபோது
கிருபாவதி கிருபாவதி கிருபாவதி
மூன்று முறையும் கூப்பிட்டு முடித்திருந்தார்கள்.
வாயைத் திறந்தேன்.
காற்றுதான் வந்தது, அதுவும் கொஞ்சம்.
மனுதாரர் ஆஜராகவில்லை என்று
எழுதப் போன பேனாவின்மேல்
கையை வைத்துவிட்டேன்.
அந்தம்மா நிமிர்ந்து பார்த்தார்.
ஒன்றும் கேட்காமல்
தன் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் தள்ளினார்.

அடுத்த வாய்தா தை கழிந்து.
ஏழாவது கட்டத்தை நேற்று நிரப்பினேன்:

டூட்டி நோட்டைப் பார்க்கவும்.
என் கையெழுத்து இருக்கிற
எல்லா ராத்திரியும்.