பதினொரு வீதம் பற்றரி

வெள்ளவத்தை, ஹம்டன் ஒழுங்கை,
டியூட்டரியின் மூன்றாம் மாடி.
யாரோ அழிக்க மறந்த திரிகோண கணிதத்தின்மேல்
கட்டில் விரிப்பொன்றைக் கட்டினோம்.
வந்தவர்கள் ஒன்பது பேர்.
அதில் இருவர்
பெற்றோல் வரிசையில் தம்பிமாரை நிறுத்திவிட்டு வந்தவர்கள்.

படத்துக்குத் தலைப்பு இல்லை.
அந்தத் துண்டு எப்போதோ அறுந்துபோயிற்று.
அமெரிக்கா, எண்பது வருடத்துக்கு முந்தி,
கறுப்பர்கள் நடித்து, கறுப்பர்கள் பார்க்க,
நள்ளிரவுக் காட்சிக்கென்று எடுத்தது.
பகலில் அந்தத் தியேட்டர்களில்
அவர்களுக்கு முன்வாசல் இல்லை.

முதலில் இரண்டு பேர் வந்து கடனைப் பற்றிப் பேசினார்கள்.
ஒருவன் தொடங்கும் வசனத்தை
மற்றவன் முடிக்கிறான், பிழையாக.
ஒவ்வொரு பகிடிக்குப் பிறகும்
ஒரு மூச்சளவு இடம் விட்டார்கள்,
அங்கே சிரிக்க இருந்தவர்களுக்காக.
ரவீந்திரராசா அதற்குள் போய்ச் சிரித்தார்,
ஒரு பகிடி பிந்தி.

ட்ரம்பெற்காரன் தொப்பியால்
வாத்தியத்தின் வாயை மூடித் திறந்தான்.
குழந்தை அழுதது. பிறகு
வட்டிக்காரன் சிரித்தான்.

அதன்பிறகுதான் அவன்.
பரிசாரகன் வேடம், சப்பாத்தின் அடியில் தகடு,
உள்ளங்கையில் தட்டம்,
தட்டத்தில் விளிம்பு முட்டத் தண்ணீர்க் கிளாஸ்.
இடுப்புக்குக் கீழே புயல்.
மேலே ஒரு துளி சிந்தவில்லை.
சாப்பாட்டு மேசைமேல் பாய்ந்தான்,
கால் இரண்டும் காற்றில்

கரண்ட் போனது.
அட்டவணைப்படி இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

புரொஜெக்டர் செத்தது. மடிக்கணினி சாகவில்லை.
திரையை மூடிவைத்தேன், வெளிச்சம் கண்ணைக் குத்தாமல்.
இருட்டுக்குள் அவன் மேசையில் இறங்கினான்.
டக்.

யாரும் போன் வெளிச்சம் அடிக்கவில்லை.
காலி வீதிப் பக்கம் ஜெனரேட்டர்கள்
ஒவ்வொன்றாய் உறுமத் தொடங்கின.
அவற்றின் மேலால் நடந்துபோனான்:
குதிகால், நுனி, குதிகால்,
நுனி நுனி நுனி,
பிறகு ஒன்றுமில்லாத ஒரு இடம்,
அதையும் அவன்தான் ஆடினான்.
ஒரு காலத்தில் கோட்டை ஹோட்டல்களில் ட்ரம்ஸ் அடித்த
துவான் இஃப்ரான் வாங்கில் விரலால் சேர்ந்தார்.
இரண்டாம் சுற்றில் பிழைத்து
கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"தட்டத்தை எங்க வச்சிருப்பான்?"
நேசமலர்தான் கேட்டாள், வங்கிக்காரி.
"வைக்கேல்ல. கையிலதான்."
"இந்த வேகத்திலயோ?"
"வச்சா சத்தம் கேட்டிருக்குமே."
அதன்பிறகு ஒன்பது பேரும்
காலை விட்டுவிட்டு
கிளாஸைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

பற்றரி தீர்ந்தது, ஒரு அடியின் நடுவில்.

இரண்டேகால் மணித்தியாலம்.
இஞ்சி பிஸ்கட், நுளம்பு,
பெற்றோல் வரிசைக்காரரில் ஒருவர் எழும்பிப் போனார்.
மற்றவர் தம்பிக்குப் போன் எடுத்து
நிண்டுகொள் என்றார்.

வெளிச்சம் வந்தபோது
விட்ட இடத்திலிருந்தே ஓடவிட்டேன்.
மேசையில் அவன். மிச்ச அடியை வைத்தான்.
டக்.
தட்டம் கையில்.
கிளாஸ் வெறும் கிளாஸ்.

முடிவில் எழுத்துகள் ஓடின:
இசைக்குழுத் தலைவர், பகிடிக்காரர் இருவர்,
தயாரிப்பாளர் மூன்று தடவை.
பரிசாரகனைக் காணோம்.

"பின்னுக்குப் போடட்டோ?
சிந்தினானோ, என்னவோ, பாப்பம்."

நேசமலர் செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னாள்:
"வேண்டாம் விடு.
அவன்ர தண்ணி.
அவன் குடிச்சிருப்பான்."